எங்கள் குடும்பக் குழு: சரவணனின் பின் டயர்

ஞாயிறு, காலை

சரவணன் (7:04): [படம்] பெரியப்பா, இதைக் கொஞ்சம் பாருங்கள். பிப்ரவரியில் போட்ட பின் டயர். 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் பட்டன் தேய்ந்துவிட்டது. இதே வண்டியில் அப்பா போட்ட டயர் 22,000 ஓடியது.

செல்வி அத்தை (7:06): என் ஸ்கூட்டர் டயரைப் பார் சரவணா. பத்து வருடம். இன்னும் மாற்றவே இல்லை!

கார்த்திக் (7:07): அம்மா, நீங்கள் ஸ்கூட்டரில் போவது கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும்தான்.

ராஜேந்திரன் மாமா (7:09): இப்போது வரும் டயர்களே சரியில்லை. அந்தக் காலத்து ரப்பர் வேறு.

முத்தையா பெரியப்பா (7:21): மாப்பிள்ளை, அந்தக் காலத்து ரப்பரை வேகவைத்தவன் நான். 31 வருடம் டயர் ஆலையில் அந்தப் பிரிவில்தான் நின்றேன். ரப்பரில் குறை இருந்தால் முதல் ஆளாக நானே சொல்வேன். சரவணா, படத்தில் பாதி நிழல் விழுந்திருக்கிறது. வண்டியை வெளியே நிறுத்தி, பின்னால் இருந்து நேராக ஒன்று, இரண்டு ஓரத்துக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று எடுத்து அனுப்பு. சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்.

கார்த்திக் (7:22): கைரேகை ஜோசியம் ஆரம்பம்.

சரவணன் (7:38): [படம்] [படம்] [படம்]

முத்தையா பெரியப்பா (7:50): மூன்று விஷயம் தெரிகிறது.

ஒன்று, டயர் நடுவில் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிட்டது. மதுரை, மேலூர் நான்கு வழிச் சாலையில் தினமும் நேர்கோட்டில் போய் வருகிறாய், நடு தேய்வது இயல்பு. ஆனால் உன் டயரில் தட்டை நடுவோடு நிற்கவில்லை, இரண்டு ஓரத்தையும் தொட்டுவிட்டது. காற்று குறைவாக ஓட்டியிருக்கிறாய்.

இரண்டு, வலது ஓரம் இடதைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது. சக்கரம் நேராக இல்லை.

மூன்று, மூன்றாவது படத்தில் ஓர் இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மொட்டையாக இருக்கிறது. நீ எங்கேயோ பிரேக்கை அழுத்திப் பின் சக்கரத்தைப் பூட்டி இழுத்திருக்கிறாய்.

சரவணன் (7:53): மூன்றாவது உண்மைதான். மே மாதம் ஒரு மாடு குறுக்கே வந்தது.

அம்மா (7:53): என்னிடம் சொல்லவே இல்லையே நீ.

சரவணன் (7:54): ஒன்றும் ஆகவில்லை அம்மா.

முத்தையா பெரியப்பா (7:56): அப்போது முன் பிரேக்கைப் பிடித்தாயா?

சரவணன் (7:57): இல்லை. முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி எறிந்துவிடும் என்று அப்பா சொல்லிக் கொடுத்தது.

முத்தையா பெரியப்பா (8:02): உன் அப்பா சைக்கிள் பழகியபோது ஒரு முறை கவிழ்ந்தான். அந்தப் பயத்தை உனக்குச் சொத்தாக எழுதி வைத்திருக்கிறான். வண்டி நிற்கும்போது பாரம் முழுக்க முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை மட்டும் அழுத்தினால் அது உருளாமல் தேய்த்துக்கொண்டுதான் போகும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன்னதை மெல்ல மெல்ல இறுக்கிப் பிடிக்க வேண்டும். 2019-க்குப் பிறகு வந்த சின்ன வண்டிகளில் பின் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிறது. உன்னுடையது அதற்கு முந்தைய வண்டி. உன் கைதான் செய்ய வேண்டும்.

ராஜேந்திரன் மாமா (8:05): காற்று எவ்வளவு வைக்கிறாய் சரவணா?

சரவணன் (8:08): முன்னால் 20, பின்னால் 23.

முத்தையா பெரியப்பா (8:08): எவன் சொன்னான்?

சரவணன் (8:11): மாமாதான். ஏப்ரலில் இதே குழுவில் ஒரு செய்தி அனுப்பினார். “கோடையில் டயர் வெடிக்காமல் இருக்கக் காற்றை 5 குறைத்து வையுங்கள், எல்லோருக்கும் பகிருங்கள்” என்று. மேலே போய்ப் பாருங்கள், இருக்கிறது.

கார்த்திக் (8:12): அப்பா 😂

ராஜேந்திரன் மாமா (8:15): எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன். சூட்டில் காற்று விரியும், அது சரிதானே மச்சான்?

முத்தையா பெரியப்பா (8:27): விரியும் மாப்பிள்ளை. அதையும் கணக்கில் எடுத்துத்தான் டயரைச் செய்கிறார்கள். ஆனால் டயருக்கு எமன் காற்றின் சூடு அல்ல, ரப்பரின் சூடு. ஒரு கட்டுக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் இருபது முறை வளைத்துவிட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான் மடங்கி நிமிர்கிறது. 30 கிலோமீட்டரில் எத்தனை ஆயிரம் சுற்று! சூடான ரப்பர் சீக்கிரம் தேயும், உள்ளே டயருக்குப் பலம் தரும் நூலை விட்டும் கழன்றுவிடும். கோடையில் நெடுஞ்சாலையில் வெடிக்கும் டயர்களில் பல, காற்று குறைந்து ஓடியவை. நீங்கள் அனுப்பிய செய்தி சரியாகத் தலைகீழ்.

ராஜேந்திரன் மாமா (8:29): அந்தச் செய்தியை அழித்துவிடுகிறேன்.

கார்த்திக் (8:29): நான்கு மாதம் ஆகிவிட்டது அப்பா. இனி அழிக்க முடியாது.

முத்தையா பெரியப்பா (8:31): சரவணா, செயின் கவர் பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். படித்துச் சொல்.

சரவணன் (8:36): முன் 25. பின் 28. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் 41 என்று போட்டிருக்கிறது. 41-ஆ? அச்சுப் பிழையாக இருக்குமோ?

முத்தையா பெரியப்பா (8:40): பிழை இல்லை. மேலூருக்குத் தனியாகவா போகிறாய்?

சரவணன் (8:41): இல்லை, தினமும் கூட வேலை செய்பவர் ஒருவரை ஏற்றிக்கொள்கிறேன். பெட்ரோலில் பாதி அவர் கொடுக்கிறார்.

முத்தையா பெரியப்பா (8:46): பெட்ரோலில் பாதி கொடுக்கிறார், டயரில் பாதியைத் தின்றுவிட்டார். 41 வேண்டிய இடத்தில் 23. அதையும் எப்போது பார்த்தாய்? வேலை முடிந்து திரும்பும்போது பெட்ரோல் பங்கில்தானே?

சரவணன் (8:47): ஆமாம்.

முத்தையா பெரியப்பா (8:52): 30 கிலோமீட்டர் ஓடி வந்த டயரில் காற்று சூடாகி அழுத்தம் ஏறியிருக்கும். அப்போது 23 காட்டினால் காலையில் 20-தான் இருக்கும். ஸ்டிக்கரில் போட்டிருப்பது குளிர்ந்த டயருக்கு. வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். தினமும் இரண்டு பேர் என்றால் 41-லேயே வை. இது உன் வண்டிக்கு மட்டும். செல்வி, நீ 41 வைத்துவிடாதே. உன் ஸ்கூட்டருக்கு உன் ஸ்டிக்கர்.

செல்வி அத்தை (8:53): நான் காற்றே பார்ப்பதில்லை அண்ணா.

முத்தையா பெரியப்பா (8:53): 🙏

சரவணன் (8:58): சக்கரம் கோணல் என்றீர்களே, அது எப்படி?

முத்தையா பெரியப்பா (9:04): செயினை எப்போது இறுக்கினாய்? அப்போது பின் சக்கரத்தின் அச்சைத் தளர்த்திப் பின்னால் இழுப்பார்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் கோடு கோடாகக் குறி இருக்கும். இடது பக்கம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ வலது பக்கமும் அதே கோட்டில் நிற்க வேண்டும்.

சரவணன் (9:10): இடது மூன்றாவது கோடு. வலது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்.

முத்தையா பெரியப்பா (9:11): கிடைத்துவிட்டதா? செயினும் பல்சக்கரமும்கூட இதனால்தான் தேயும்.

கார்த்திக் (9:15): மாமா, எங்கள் தெருப் பஞ்சர் கடையில் தேய்ந்த டயருக்குச் சூடான கத்தியால் மறுபடியும் பட்டன் வெட்டித் தருகிறார்கள். புது டயருக்கு நிறையச் செலவாகும். அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

முத்தையா பெரியப்பா (9:18): கார்த்திக்.

முத்தையா பெரியப்பா (9:24): பட்டனுக்கு அடியில் மெல்லிய ரப்பர் அடுக்கு ஒன்று, அதற்கும் அடியில் நூல். பைக் டயரில் அந்த அடுக்கைக் கத்தியால் கீறினால் நூலுக்கும் ரோட்டுக்கும் இடையே காகிதம் அளவுதான் மிச்சம். பஸ் டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்வதைப் பார்த்துவிட்டு இதையும் அப்படி நினைக்காதே. இது நடுரோட்டில் கிழிந்தால் உனக்கு இன்னொரு சக்கரம்தான் மிச்சம்.

கார்த்திக் (9:25): சும்மாதான் கேட்டேன் மாமா.

அம்மா (9:27): சரவணா, இன்றைக்கே மாற்று.

சரவணன் (9:28): இன்னும் ஒரு மாதம் ஓட்டலாமா பெரியப்பா? சம்பளம் வந்ததும் மாற்றிவிடுகிறேன்.

முத்தையா பெரியப்பா (9:35): டயரின் பக்கத்தில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் குட்டி மேடு ஒன்று இருக்கும். பட்டன் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. உன் படத்தில் மேடும் பட்டனும் ஒரே மட்டம். வெயிலில் மொட்டை டயர் ஓடும், உனக்கு ஒன்றும் தெரியாது. முதல் மழையில்தான் தெரியும். பணம் நான் தருகிறேன், சம்பளம் வந்ததும் கொடு.

சரவணன் (9:36): சரி பெரியப்பா.

செல்வி அத்தை (9:41): என் டயரில் பட்டன் புதிது மாதிரி இருக்கிறது. [படம்]

முத்தையா பெரியப்பா (9:47): செல்வி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் வயல் வெடித்த மாதிரி கீறல். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று கட்டத்துக்குள் இருக்கும். அதைச் சொல்.

செல்வி அத்தை (9:52): 1815.

கார்த்திக் (9:52): 1815-இல் டயரே கிடையாதே! வெள்ளைக்காரன் காலம்!

முத்தையா பெரியப்பா (9:56): 2015-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம். ரப்பர் ஓடினால் தேயும், நின்றால் காயும். நீ வாசலில் வெயிலில்தானே நிறுத்துகிறாய்? இந்த டயரில் பட்டன் இருக்கிறது, பிடிமானம் இல்லை. இரண்டையும் மாற்று. வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்து வாங்கு. கடையில் கிடந்து காய்ந்ததைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

செல்வி அத்தை (9:58): ஜோசியம் என் பக்கம் திரும்பிவிட்டது.

முத்தையா பெரியப்பா (10:06): சரவணா, டயர் மாட்டும்போது பக்கத்தில் நின்று பார். டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றும் திசைக்கு இருக்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் காற்றடிக்கும் வால்வுக்கு நேரே வர வேண்டும், அதுதான் டயரின் எடை குறைந்த இடம். உன்னுடையது டியூப் டயர், டியூபையும் புதிதாகப் போடு. பழைய டியூப் நீண்டு போயிருக்கும், புது டயருக்குள் மடங்கிவிடும். முதல் 100, 150 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காதே. புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும், அது போகட்டும்.

சரவணன் (10:08): நீண்ட நாள் உழைக்கிற மாதிரி கடினமான ரப்பராகக் கேட்டு வாங்கட்டுமா?

முத்தையா பெரியப்பா (10:13): கடினமான ரப்பர் மெல்லத் தேயும், ரோட்டையும் மெல்லத்தான் பிடிக்கும். மாடு மறுபடியும் குறுக்கே வரும். உன் வண்டிக்கு என்ன அளவு, என்ன பாரம் என்று போட்டிருக்கிறதோ அதையே வாங்கு. காற்றைப் பார்த்துக்கொண்டால் இதிலேயே அப்பாவின் 22,000-ஐ எட்டலாம். என்னிடம் காற்றழுத்தம் பார்க்கிற, பேனா மாதிரி ஒரு கேஜ் இருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொள்.

சரவணன் (10:14): ஆறா?

முத்தையா பெரியப்பா (10:14): டயர் குளிர்ந்திருக்க வேண்டும் என்று சொன்னேனா இல்லையா? வண்டியைத் தள்ளிக்கொண்டே வா. இரண்டு தெருதானே.

மூன்று வாரம் கழித்து

செல்வி அத்தை (18:20): [படம்] இரண்டு டயரும் மாற்றியாயிற்று அண்ணா. 2225. முடி முடியாக நீட்டிக்கொண்டு அசிங்கமாக இருந்தது. கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.

முத்தையா பெரியப்பா (18:31): அது டயரை வார்க்கும் அச்சில் காற்று வெளியேறும் துளைக்குள் புகுந்த ரப்பர். வெட்டினால் ஒன்றுமில்லை, வெட்டாவிட்டாலும் தானே உதிரும். காற்று பார்த்தாயா?

செல்வி அத்தை (18:33): கேஜ் சரவணனிடம் இருக்கிறதே.

சரவணன் (18:34): நான் போன வாரமே மாமாவிடம் கொடுத்துவிட்டேன்.

ராஜேந்திரன் மாமா (18:40): தேடிக்கொண்டிருக்கிறேன்.