வி-கிராஸ் பிக்கப்புக்கு லிஃப்ட் கிட்: எவ்வளவு உயரம், எந்த ஸ்பிரிங்?

செம்மண்தடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வசிக்கிறேன். 2017-இல் வாங்கிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் என்னிடம் இருக்கிறது. டயர்கள் வண்டியோடு வந்த அதே 245/70 ஆர்16 அளவு. வார நாட்களில் அலுவலகத்துக்கும், வார இறுதிகளில் ஓசூர் வழியாகத் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் உள்ள எங்கள் தோட்டத்துக்கும் இதைத்தான் ஓட்டுகிறேன். தார்ச்சாலையை விட்டு இறங்கிய பிறகு தோட்டம் வரை செல்லும் செம்மண் பாதையில் டிராக்டர்கள் ஓடி ஓடி இருபுறமும் பள்ளம் விழுந்து, நடுவில் மேடு நின்றுவிட்டது. மழை பெய்தபின் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அடிப்பாகம் அந்த மேட்டில் உரசிக்கொண்டே போகிறது.

பின்பக்கம் சொட்டுநீர்க் குழாய்கள், உர மூட்டைகள், எப்போதாவது 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை ஏற்றுவதுண்டு. தொட்டி நிரம்பியிருக்கும்போது வண்டி பின்னால் அமுங்கி, முகப்பு விளக்கு மரக்கிளைகளைப் பார்க்கிறது.

வண்டியின் உடலை உயர்த்தும் பாகங்கள் அடங்கிய லிஃப்ட் கிட் போடலாம் என்று இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஒருவர் முன்பக்கம் ஸ்பேசரும் (ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் இடைத்துண்டு) பின்பக்கம் நீளமான ஷேக்கிளும் (ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) போட்டு மூன்று அங்குலம் தூக்கிவிடலாம், செலவும் குறைவு என்கிறார். மற்றவர் ஸ்பிரிங், ஷாக் (அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) எல்லாவற்றையும் மாற்றும் இறக்குமதிக் கிட்டைத்தான் போட வேண்டும், 40 மி.மீ.க்கு மேல் தூக்கவே கூடாது என்கிறார். அதற்கு லட்சத்துக்கு மேல் ஆகும். விலையில் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, உயரம் குறைவானதற்கு ஏன் அதிகம் கொடுக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். சட்டச் சிக்கல் ஏதும் உண்டா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பட்டறைப்பக்கம் எழுதியது:

நண்பரே, கிட்டின் விலையைப் பேசுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, டார்ச்சுடன் அடியில் படுத்துப் பாருங்கள். உரசல் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை மாறும். முன்பக்க அடித்தகடு, பக்கவாட்டுப் படிக்கட்டு, சேஸிஸின் குறுக்குச் சட்டம், பின் பம்பரின் கீழ் விளிம்பு ஆகியவை உரசியிருந்தால் சஸ்பென்ஷனை உயர்த்துவதில் பயன் உண்டு. பின் ஆக்ஸிலின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) கூட்டில் உரசல் இருந்தால், எத்தனை அங்குலம் லிஃப்ட் போட்டாலும் அந்த உரசல் போகாது. வி-கிராஸின் பின் ஆக்ஸில் ஒரே தண்டாக இரு சக்கரங்களையும் இணைப்பது. ஸ்பிரிங்கை மாற்றினால் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் உடல்தான் உயரும். ஆக்ஸில் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை டயரின் விட்டம் மட்டுமே தீர்மானிக்கிறது.

இனி உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு வழிகளைப் பார்ப்போம். முன்பக்கத்தில் ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து, சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் இரு கைகளில் கீழ்க் கையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் மேலே 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ அதன் இருமடங்கு உயரம் கிடைத்துவிடும். மலிவாகத் தூக்க முடிவது இதனால்தான். ஆனால் ஷாக்கின் நீளமும் அதன் ஓட்டமும் பழையபடியே இருக்கின்றன. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது கைகளும் சிவி ஜாயின்டும் (முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மடங்கும் மூட்டு) வடிவமைப்பாளர் நினைத்ததைவிடக் கூடுதல் கோணத்துக்கு இழுபடுகின்றன. சிவி ஜாயின்டின் ரப்பர் பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து கிழியும். கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போனால் ஜாயின்ட் வெகுநாள் தாங்காது. மூன்று அங்குலம் என்பது ஏறத்தாழ 75 மி.மீ. அந்த உயரத்துக்கு மேல்கையையும் மாற்றி, முன் டிஃபரென்ஷியலைச் சற்றுக் கீழே இறக்கும் துண்டுகளையும் போடாமல் ஓட்டுவது உதிரிபாகக் கடைக்காரருக்கு மட்டுமே நல்லது.

பின்பக்க ஷேக்கிள் கதை இன்னும் மோசம். லீஃப் ஸ்பிரிங்கின் (அடுக்கிய வளைந்த இரும்புப் பிளேட்டுகள்) முன்முனை நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது, பின்முனை மட்டும் ஷேக்கிளில் ஆடுகிறது. ஆகவே ஷேக்கிளை எவ்வளவு நீட்டுகிறீர்களோ அதில் சுமார் பாதிதான் ஆக்ஸிலுக்கு மேலே உயரமாகக் கிடைக்கும். 50 மி.மீ. உயர்த்த 100 மி.மீ. நீளமான ஷேக்கிள் தேவைப்படும். அது பக்கவாட்டில் தள்ளாடும்; ஆக்ஸிலும் சற்றுச் சுழன்று, அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் கோணம் கெடும். இத்தனையும் செய்தபின், சுமை ஏற்றினால் வண்டி முன்போலவே அமுங்கும், ஏனெனில் பிளேட்டுகளின் வலிமை துளியும் கூடவில்லை.

இறக்குமதிக் கிட்டில் நீங்கள் பணம் கொடுப்பது ஸ்பிரிங்கின் வலிமைக்கும் ஷாக்கின் தரத்துக்கும்தான். ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ் போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்கள் ஒரே வண்டிக்குப் பல ஸ்பிரிங்குகள் வைத்திருக்கின்றன. முன்பக்கத்துக்கு இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பி உருளை) உண்டா இல்லையா என்பதைப் பார்த்தும், பின்பக்கத்துக்கு எப்போதும் நிலையாக இருக்கும் சுமை எத்தனை கிலோ என்பதைப் பார்த்தும் அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலையான சுமை என்றால் கேனப்பி (பின்பக்கத்தின் மேல்மூடி), கருவிப்பெட்டி, இரண்டாவது பேட்டரி போல வண்டியை விட்டு இறங்காதவை. உங்கள் தண்ணீர்த் தொட்டி அதில் சேராது. தொட்டியை நினைத்து 300 கிலோ நிலைச்சுமைக்கான பிளேட் வாங்கினால், திங்கட்கிழமை காலியாக அலுவலகம் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் எகிறும். ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் தரையில் ஒட்டாது.

மடிவாளாக்காரன் எழுதியது:

பட்டறைப்பக்கம் அவர்களின் விளக்கம் நன்று. ஆயினும் சட்டப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஊரில் கிட் விற்கும் கடைக்காரர் எவரும் அதைச் சொல்வதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்சி புத்தகத்தில் சஸ்பென்ஷன் உயரம் எழுதப்படவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இந்தப் பிரிவுக்குக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டில் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இரும்பு பம்பர் எண்ணமும் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

சாலையில் யாரும் நிறுத்துவதில்லை என்பது உண்மைதான். என் கவலை காப்பீட்டைப் பற்றியது. நீங்கள் இரண்டு மாநிலங்களுக்கு இடையே, மலைப்பாதையிலும் வண்டி ஓட்டுகிறீர்கள். விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் முதலில் பார்ப்பது, ஸ்பிரிங்கின் நிறம் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏன் இருக்கிறது என்பதைத்தான். எதை மாற்றினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு விடை.

இன்னொன்று. அந்தச் செம்மண் பாதை உங்களுடையதாகவோ பங்காளிகளுடையதாகவோ இருந்தால், மழைக்கு முன் ஒரு நாள் டிராக்டரில் பிளேடு கட்டி நடுமேட்டைச் சீவிவிடுங்கள். லட்சத்துக்கு மேல் செலவழித்து வண்டியை உயர்த்துவதற்குப் பதிலாக, சில நூறு ரூபாய் டீசலில் தரையைத் தாழ்த்திவிடலாம்.

ஹைலக்ஸ் பயணி எழுதியது:

மடிவாளாக்காரன் சொன்ன டிராக்டர் யோசனைக்கு என் முழு ஆதரவு. இருந்தாலும் லிஃப்ட் என்றாலே ஆபத்து என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சக்லேஷ்பூர்ப் பக்கம் காபித் தோட்டப் பாதைகளில் 40 மி.மீ. உயர்த்திய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஓட்டுகிறேன். தேர்வு சரியாக இருந்தால் வண்டி முன்பைவிட நிதானமாக இருக்கிறது. அந்த நிதானம் உயரத்தால் வந்ததல்ல, ஷாக்கால் வந்தது. கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடும்போது சாதாரண ஷாக்கில் உள்ள எண்ணெய் சூடாகி நுரைக்கும், அதிர்வைத் தணிக்கும் திறன் குறையும். தடித்த உடலும் கூடுதல் எண்ணெயும் கொண்ட ஷாக் அந்தச் சூட்டை நெடுநேரம் சமாளிக்கிறது. பணம் குறைவாக இருந்தால் உயரத்தில் சிக்கனம் பிடியுங்கள், ஷாக்கில் பிடிக்காதீர்கள்.

பொருத்தியபின் வரும் வேலைகளையும் கணக்கில் வையுங்கள். முன்பக்கம் உயர்ந்தால் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) இரண்டும் மாறும். காஸ்டர் குறைந்தால் திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராவது மந்தமாகி, நெடுஞ்சாலையில் வண்டி மிதப்பதுபோல் தோன்றும். ஆகவே டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடும் கடையில் வீல் அலைன்மென்ட் செய்யாதீர்கள். வேலைக்கு முன்பும் பின்பும் உள்ள அளவுகளை அச்சிட்டுத் தருபவரிடம் போங்கள். என் வண்டியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவே பேரிங்குடன் உள்ளது. லிஃப்ட் போட்டபின் வண்டி நகரத் தொடங்கும்போது இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு வந்தது. நடு பேரிங்கைச் சிறு துண்டு வைத்துக் கீழே இறக்கியதும் அது நின்றது. பேஸ்மென்ட் பார்க்கிங் நுழைவில் உயரம் எழுதியிருக்கும் இடங்களில், மேலே கேரியர் வைத்திருந்தால் அளந்து பார்த்துக்கொண்டு நுழையுங்கள்.

செம்மண்தடம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சொன்னபடி அடியில் படுத்துப் பார்த்தேன். முன் அடித்தகட்டில் காய்ந்த சேறு மட்டும்தான், கீறல் இல்லை. படிக்கட்டிலும் ஒன்றுமில்லை. பின் டிஃபரென்ஷியல் கூட்டின் கீழ்ப்பாகம் நீளவாக்கில் தேய்ந்து, பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று தெரிகிறது. பின் பம்பரின் அடி விளிம்பில் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. தொட்டியோடு ஓடையைக் கடந்து ஏறியபோது விழுந்ததாக இருக்கும். அப்படியானால் எனக்கு டயர்தான் தேவையா? 265/70 ஆர்16 போடலாம் என்கிறார்கள்.

பட்டறைப்பக்கம் எழுதியது:

கீறல்களே விடை சொல்லிவிட்டன. உங்களுக்கு லிஃப்ட் கிட் தேவையில்லை.

டயர் கணக்கைப் பாருங்கள். 245/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ., 265/70 ஆர்16-இன் விட்டம் சுமார் 777 மி.மீ. வேறுபாடு 28 மி.மீ.; ஆக்ஸில் உயர்வது அதில் பாதி, அதாவது 14 மி.மீ. மட்டுமே. அதற்கு ஈடாக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 104-ஐ ஒட்டி ஓடுவீர்கள், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டின் உட்பகுதியில் உரசக்கூடும், மடிவாளாக்காரன் சொன்ன காப்பீட்டுக் கேள்வியும் வரும். 14 மி.மீ.க்கு இதெல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து. நடுமேட்டை டிராக்டர் பார்த்துக்கொள்ளட்டும். நிறுவன அளவிலேயே ஆல் டெரெய்ன் டயர் (தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஏற்ற டயர்) போடுங்கள். தொட்டி ஏற்றும் நாளில், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்குக் குறித்த காற்றழுத்தத்தை வையுங்கள். காற்று குறைந்த டயர் சுமையில் நசுங்கும்போது டிஃபரென்ஷியலும் கூடவே தாழ்கிறது.

பம்பர் நெளிந்ததும் விளக்கு மேலே பார்ப்பதும் பின் ஸ்பிரிங் தளர்ந்ததன் அடையாளங்கள். 2017 வண்டிக்கு அது இயல்பு. காலியாக நிற்கும்போது பிளேட் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை இரு பக்கமும் அளந்து பாருங்கள். தட்டையாகிவிட்டிருந்தால் நிறுவன உயரத்திலேயே புதிய பிளேட் செட்டும் நான்கு நல்ல ஷாக்குகளும் போதும். 500 லிட்டர் தண்ணீர் என்றால் 500 கிலோ. ஆட்களும் ஏறினால் ஆர்சி-யில் உள்ள மொத்த எடைக்குள் அடங்குகிறதா என்று கூட்டிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பாதித் தொட்டியாக இரண்டு நடை அடியுங்கள். பாதித் தொட்டியில் தண்ணீர் அலைபாயும், திருப்பங்களில் மெதுவாகப் போக வேண்டும்.

பொருத்தும் நாளில் பட்டறையில் கூடவே நில்லுங்கள். ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யு போல்ட்டுகள் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்டவற்றைத் திரும்பப் போட விடாதீர்கள். ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே ஸ்பிரிங் கண்ணின் (முனையிலுள்ள வளையம்) போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் முழுதாக இறுக்கிவிடுவது பல இடங்களில் வழக்கம். அப்படிச் செய்தால் ரப்பர் புஷ் தொங்கும் நிலையிலேயே பூட்டிக்கொண்டு, வண்டி தரையில் நின்றதும் முறுக்கேறி, சில மாதங்களில் கிழிந்துவிடும். வண்டியை நான்கு சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டி, அதன் பிறகே டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை மறுபடி சரிபார்க்க அதே பட்டறைக்குப் போங்கள்.