படகின் அடியில் வினாகிரி மணம்

ஸ்காபரோ, கனடா

ஒன்ராறியோ ஏரியில் என்னிடம் ஒரு சின்னப் பாய்ப்படகு நிற்கிறது. 23 அடி, 1978-இல் செய்த கண்ணாடியிழைப் படகு. மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்பது அந்த ஒக்டோபரில் கிரேன் தூக்கியபோதுதான் தெரிந்தது. அடிப்பக்கம் முழுக்க அம்மை போட்டதுபோலக் கொப்புளம். சில பருப்பளவு, சில குவாட்டர் நாணயமளவு. நாற்பது வரை எண்ணினேன், பிறகு மனம் வரவில்லை.

பக்கத்துப் படகுக்காரர், வயதான வெள்ளைக்காரர், வந்து பார்த்தார். ஒரு பென்சிலை என் கையில் தந்து, "இன்றைக்கே எல்லாவற்றையும் சுற்றி வட்டம் போடு, அடுத்த கிழமை பாதியைக் காணமாட்டாய்" என்றார். மெய்தான். படகு கரையில் காயக் காய சின்னக் கொப்புளங்கள் அமுங்கிவிடும். போய்விட்டது என்று விட்டால், அடுத்த வருடம் அதே இடத்தில் எழும்பி நிற்கும்.

ஒன்றை உளி முனையால் குத்தினேன். சீறிக்கொண்டு வந்து கன்னத்தில் அடித்தது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் தப்பினேன். விரலில் தொட்டால் பிசுபிசுப்பு, மணந்தால் வினாகிரி. பாலியெஸ்டர் ரெசினில் (கண்ணாடியிழையை ஊறவைத்து இறுகும் திரவம்) செய்த படகுக்கு மேல்தோல் ஜெல்கோட். பார்க்கப் பீங்கான்போல இருந்தாலும் தண்ணீர் அதற்குள் மெல்ல மெல்ல இறங்கும். உள்ளே ரெசினோடு சேராமல் மிஞ்சிக் கிடப்பவற்றைக் கரைத்து அமிலமாகத் தேங்கும். தேங்கியது அடர்த்தியாக இருப்பதால் வெளியிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கும். இடம் போதாமல் தோல் உப்பும். உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுகிறதே, அதே சங்கதி. கடலைவிட எங்கள் ஏரியில் இது கூட. வெளியே இருப்பது நன்னீர் என்பதால் இழுவை அதிகம்.

முதல் வருடம் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கொப்புளங்களைத் தேய்த்துத் திறந்து, மூன்று நாள் வெயிலில் விட்டு, கார் தட்டி நிமிர்த்துகிற இடத்தில் பூசுவார்களே, அந்தப் பட்டியை அடைத்து, மேலே பெயின்ற் அடித்து இறக்கினேன். கண்ணாடிபோல இருந்தது. அடுத்த ஒக்டோபரில் பார்த்தால் முக்கால்வாசி பழைய வட்டத்துக்குள்ளேயே திரும்ப வந்திருந்தன. அந்தப் பட்டியும் பாலியெஸ்டர்தான்; அதுவே தண்ணீர் குடிக்கும். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. கரையேறிய அன்றே வட்டம், அந்தக் கிழமையே திறப்பு. நல்ல இழை தெரியும்வரை தேய்த்து, ஓரத்தைத் தட்டுப்போலச் சரித்துவிட்டேன். பிறகு கழுவல். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும். அந்த அமிலப் பிசின் போகாது. சுடுதண்ணீரும் பிரஷ்ஷுமாக நாலைந்து நாள் கழுவினேன். அமிலம் காட்டும் பி.எச். தாளை ஈரக் குழியில் ஒட்டிப் பார்த்து, நிறம் மாறாமல் நின்ற பிறகுதான் விட்டேன்.

கனடாக் குளிரில் படகு காயும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏப்ரலில் சுற்றிவரத் தார்ப்பாய் கட்டி, உள்ளே ஒரு சின்ன ஹீற்றரும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வைத்தேன். காய்ந்ததா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு முழச் சதுரப் பிளாஸ்ரிக் தாளை நாலு பக்கமும் ரேப்பால் படகில் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் உட்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. எனக்கு ஐந்து கிழமை வேர்த்தது. அது நின்ற பிறகுதான் குழியை எப்பொக்சியால் அடைத்தேன்; அது பாலியெஸ்டரைவிடத் தண்ணீரைத் தடுக்கிற இன்னொரு ரெசின். அதுவரை, மற்றவர்கள் பாய் விரித்துப் போகிறார்கள், நான் தார்ப்பாய்க்குள் குந்தியிருந்து பிளாஸ்ரிக்கை உரித்துப் பார்க்கிறேன். மனிசி சொன்னாள், "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதும் இப்படிப் பார்க்கவில்லை."

தூத்துக்குடி

அண்ணே, எங்கள் பக்கம் கதை வேறு. ஃபைபர் படகைத் தினமும் கரையில் ஏற்றிவிடுகிறவர்களுக்கு அடிப்பெயிண்ட்டே (பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடியில் பூசுவது) தேவையில்லை. மணலும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஏற்றி இறக்கும்போது மணலில் இழுபட்டு ஏரா (படகின் அடி நடுக்கட்டை) பக்கம் ஜெல்கோட் தேய்ந்துபோகும். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். தண்ணீரிலேயே கட்டிப்போடுகிற படகுக்குக் கொட்டலசு (ஓடுள்ள சின்னக் கடல் உயிரி) ஒட்டும். நாலு வாரம் விட்டால் போதும், படகு பாரமாகும், மண்ணெண்ணெய் கூடக் குடிக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகு வந்து குவிந்தது. அவசரத்தில் செய்தது நிறைய. எங்கள் வீட்டுக்கு வந்த படகில் கண்ணாடியிழை மேட்டுக்கு (இழைப் பாய்) ரெசினே சரியாக ஏறவில்லை. சுரண்டினால் வெள்ளையாக உலர்ந்த நார் வந்தது. கொப்புளம் என்று நினைத்துத் திறந்தால் உள்ளே தண்ணீர் இல்லை, வெறும் காற்று. அதனால் நான் முதலில் சுத்தியல் கட்டையால் தட்டித்தான் பார்ப்பேன். நல்ல இடம் கணீரென்கும், விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும்.

ஒட்டுப்போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரெசினில் அக்சிலரேட்டரை (இறுகுவதை வேகப்படுத்துவது) ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட் (இறுகவைப்பது). இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரே கப்பை இரண்டுக்கும் வைத்துக்கொண்டான். கப்பில் மிச்சம் இருந்தது சில சொட்டுத்தான், புருவம் கருகியது. மே மாத வெயிலில் கேட்டலிஸ்ட் கொஞ்சம் கூடினாலும் டப்பாவிலேயே புகைந்து கல்லாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்பொக்சி வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பழைய பாலியெஸ்டர்தான். உங்கள் பிளாஸ்டிக் தாள் யோசனையை நாளைக்கே செய்து பார்க்கிறேன்.

சிங்கப்பூர்

நான் படகு வைத்திருப்பவன் இல்லை, படகு பழுதுபார்க்கும் யார்டில் வேலை பார்த்தவன். ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பழைய அடிப்பெயிண்ட்டைக் காயவைத்துத் தேய்க்காதீர்கள். அதிலுள்ள செம்பு ஆக்சைடு பாசியை மட்டும் கொல்வதில்லை. முதல் வாரம் முகமூடி இல்லாமல் தேய்த்துவிட்டு மூக்கைச் சிந்தினேன், கைக்குட்டை செங்கல் நிறத்தில் இருந்தது. 1978 படகென்றால் அடியில் எத்தனை அடுக்கு இருக்கிறதோ. அந்தக் காலத்தில் டிரைபியூட்டைல் டின் என்ற நஞ்சு கலந்த பெயிண்ட் சாதாரணமாக விற்றது. அதைத் தடுக்கிற உலக ஒப்பந்தம் 2001-இல் போடப்பட்டு 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே தண்ணீர் விட்டுத் தேயுங்கள், கீழே தார்ப்பாய் விரியுங்கள். அப்புறம், அவுட்போர்டு மோட்டாரின் அலுமினியக் காலில் செம்புப் பெயிண்ட் படவே கூடாது, அலுமினியம் அரித்துப்போகும்.

அந்த எப்பொக்சிக்குப் பிறகு என்ன செய்தீர்கள், கொப்புளம் திரும்ப வந்ததா?

ஸ்காபரோ, கனடா

தம்பி தூத்துக்குடி, பாலியெஸ்டரிலும் காயவைத்துச் செய்தால் பழுதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எப்பொக்சி பாலியெஸ்டருக்கு மேல் பிடிக்கும், எப்பொக்சிக்கு மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. பிறகு மனம் மாறினால் திரும்பிப் போக முடியாது.

சிங்கப்பூர்க்காரர் கேட்டதற்கு: குழிகளில் முதலில் வெறும் எப்பொக்சியைத் தடவி ஊறவிட்டேன், அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே சிலிக்காத் தூள் சேர்த்துக் குழைத்து அடைத்தேன். எப்பொக்சி இறுகியதும் மேலே மெழுகுபோல ஒரு படலம் வரும். முதலில் தண்ணீரும் ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவ வேண்டும், பிறகுதான் தேய்ப்பு. தேய்த்துவிட்டுக் கழுவினால் படலத்தை உள்ளுக்குள் பரப்பியதாகிவிடும். அதற்கு மேல் தடுப்புப் பூச்சு ஐந்து தடவை, மாறி மாறி ஒரு கை சாம்பல், ஒரு கை வெள்ளை. விடுபட்ட இடம் உடனே கண்ணில் படும். கடைசிக் கையில் பெருவிரலை வைத்தால் ரேகை பதிய வேண்டும், பூச்சு விரலோடு வரக்கூடாது. அந்த நேரத்தில் அடிப்பெயின்ற்றின் முதல் கை. நான் தேத்தண்ணி குடிக்கப் போனேன், வலப்பக்கம் கடைசி நாலடி இறுகிவிட்டது. அதைத் திரும்பவும் தேய்த்துத்தான் பூசினேன்.

அடிப்பெயின்ற் ரின்னைத் தூக்கும்போதே பாரம் தெரியும். செம்பெல்லாம் அடியில் படிந்து கிடக்கும், கடையில் குலுக்கித் தந்தார்கள் என்று நம்பாமல் அடிவரை கிளற வேண்டும். இரண்டு கை அடித்து, முன்மூக்கிலும் நீர்க்கோட்டிலும் சுக்கானிலும் மூன்றாவது கை. படகு எங்கே தண்ணீரைக் கிழிக்கிறதோ அங்கேதான் பெயின்ற் முதலில் கழுவுப்படும். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடும் மக்னீசியம் கட்டியை மட்டும், பெயின்ற் படாமலிருக்க ரேப் சுற்றி விட்டுவிட்டேன்.

இது மூன்றாவது சீசன். போன மாதம் தூக்கினோம். தண்ணீர் வடியுமுன்பே போய்க் கையால் தடவிப் பார்த்தேன். சுக்கானுக்குப் பக்கத்தில் ஒன்று, பயறு அளவு. மிச்சம் எல்லாம் வழவழப்பு. அது இடப்பக்கம், தேத்தண்ணிப் பக்கமும் இல்லை. பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.