டிக் டிக் சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க்: நாகர்கோவில் பக்கம் ஹெட் மாற்றுபவர் உண்டா?

2 டிபி போர்ட்டபிள் டிஸ்க். செருகினால் சுற்றுகிறது, ஐந்தாறு முறை 'டிக் டிக்', பிறகு அடங்கிவிடுகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அளவுகூடக் காட்டவில்லை. உள்ளே தோல்பாவைக் கூத்துப் பதிவு, 640 ஜிபி. மெமரி கார்டுகளை அழித்தாயிற்று. எடிட்டிங் புராஜெக்ட் ஃபைல் லேப்டாப்பில் பத்திரம்தான், ஆனால் அதில் எங்கே வெட்டினோம் என்ற கணக்குதான் இருக்கும், காட்சி இருக்காது.

ஹெட் (உள்ளே சுற்றும் தட்டில் இருப்பதைப் படிக்கும் முனை) போயிருக்கும் போல. அதனால் ரெக்கவரி சாஃப்ட்வேர், செக்டிஸ்க் எதுவும் ஓட்டவில்லை. ஓட ஓட ஹெட் தட்டைச் சுரண்டும். ஃப்ரீசர் யோசனை வேண்டாம், ஈரம் படியும்.

மார்த்தாண்டம், திருவனந்தபுரம் வரை கொண்டுவரலாம். கிளீன் பெஞ்சில் (தூசி இல்லாத மேசையில்) ஹெட் மாற்றி, முதலில் முழு இமேஜ் (டிஸ்க்கின் அப்படியே நகல்) எடுத்துத் தருபவர் யார்? ஹெட் கழற்றி எடுக்க அதே மாடல் டோனர் (donor) டிஸ்க்கை நாங்கள் தேட வேண்டுமா? டேட்டா கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்க அண்ணன்மாரே.