அவசர உதவி: மினி பொக்லைன் ஏற்ற 5 டன் டிரெய்லர் போதுமா?

புதுக்கை:
வணக்கம். மினி பொக்லைன் ஒன்று எடுத்திருக்கிறேன். வேலை நடக்கும் இடங்களுக்குக் கொண்டு போக டிரெய்லர் தேவை. ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 5 டன், இரட்டை அச்சு, பின்னால் ராம்ப், பழையதுதான், பார்க்க நன்றாக இருக்கிறது. இன்னொருவரும் கேட்கிறாராம், நாளைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார். எடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பொக்லைன் எத்தனை கிலோ? எந்த வண்டி இழுக்கப் போகிறது? 5 டன் என்பது ஏற்றும் பாரம் மட்டுமா, டிரெய்லரின் சொந்த எடையும் சேர்த்தா? இதெல்லாம் தெரியாமல் எடு என்றும் சொல்ல முடியாது, விடு என்றும் சொல்ல முடியாது.

டயர்_ராசா:
முதலில் டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் வெயிலில் நின்றபடியே கிடக்கும், அதனால் தடம் தேயாமலே ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும். தடம் புதிது போல இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஒவ்வொரு டயரிலும் அது தாங்கும் எடை போட்டிருக்கும், அதையும் கூட்டிப் பாருங்கள்.

மலைப்பாதை:
பிரேக் என்ன வகை? அதைச் சொல்லவே இல்லையே.

அச்சாணி:
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. டிரெய்லர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் டிரெய்லரையே சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். இழுக்கிற வண்டியைப் பற்றிக் கேட்டால், அது நன்றாக இழுக்கும் என்பார்கள். தம்பியும் அதைத்தான் சொல்லப் போகிறார், பாருங்கள்.

புதுக்கை:
பொக்லைன் 3.5 டன் வகை. வண்டி டீசல் பிக்கப், நாலு சக்கர இழுவை. நன்றாகவே இழுக்கும். பிரேக் இருக்கிறது.

அச்சாணி:
:)

கணக்குப்பிள்ளை:
3.5 டன் வகை என்பது ரகத்தின் பெயர், எடை அல்ல. அந்த வகையில் 4 டன்னை நெருங்குகிறவையும் உண்டு. பொக்லைன் மேல் அடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். கேட்டலாக்கில் இரண்டு எடை இருக்கலாம். இயக்க எடை என்பதில் நிறைந்த டீசல் டேங்கும் 75 கிலோ ஓட்டுநரும் சேர்த்தி. அனுப்பும் எடை என்பதில் ஓட்டுநர் இல்லை, டேங்கிலும் கொஞ்சம் டீசல்தான். சின்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டாம். கூடவே பிரேக்கர் (பாறை உடைக்கும் கருவி), வேறு பக்கெட் எல்லாம் வருமா? டிரெய்லரின் தகடு என்ன சொல்கிறது? பிக்கப் கையேட்டில் இழுவை அளவு எவ்வளவு?

பட்டறைக்காரன்:
பழையதை வாங்கி ஏன் தலைவலி? நல்ல சேனல் எடுத்துப் பட்டறையில் அடித்துவிடலாம். குறுக்குச் சட்டங்களை நெருக்கமாகப் போட்டு, மேலே செக்கர் பிளேட், அதுதான் மேடு வரி போட்ட இரும்புத் தகடு. ஆயுசுக்கும் அசையாது.

மரத்தச்சன்:
செக்கர் பிளேட்டா? மழையில் அதன் மேல் பொக்லைனின் ரப்பர் டிராக் (சக்கரத்துக்குப் பதில் சுற்றும் பட்டை) ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? சோப்புத் தண்ணீரில் கால் வைத்த மாதிரிதான். கனமான மரப்பலகை போடச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:
பலகை அழுகும். அழுகுவது கூடப் பரவாயில்லை, அடியில் ஈரம் தேங்கி குறுக்குச் சட்டம் துருப்பிடிப்பது மேலிருந்து தெரியாது. தெரியும்போது சட்டம் கையோடு வரும்.

மரத்தச்சன்:
ஒரு பலகை போனால் ஒரு பலகையைக் கழற்றி மாற்றலாம். தகடு குழிந்தால் என்ன செய்வீர்கள்? வெட்டி எடுத்து மறுபடி வெல்டா?

புதுக்கை:
தகட்டில் பார்த்தேன். பொக்லைன் 3,800 கிலோ. பிரேக்கரும் இரண்டு பக்கெட்டும் கூட வரும், எல்லாம் சேர்த்து 400, 500 கிலோ இருக்கும். டிரெய்லர் தகட்டில் மொத்தம் 5,000, வெறும் எடை 1,300. பிக்கப் கையேட்டில், பிரேக் உள்ள டிரெய்லருக்கு 3,500 என்று இருக்கிறது. மேலே இருப்பது பலகைதான்.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் கேட்டேன். 5,000 என்பது டிரெய்லரும் பாரமும் சேர்ந்த உச்ச எடை. அதில் 1,300 கழிந்தால் ஏற்றக்கூடியது 3,700. உங்கள் பொக்லைன் மட்டுமே 3,800. பிரேக்கரை ஏற்றுவதற்கு முன்னாலேயே 100 கிலோ தாண்டிவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் பிக்கப். 3,500 என்பதிலும் டிரெய்லரின் சொந்த எடை அடங்கும். 3,800 கிலோ பொருளை எந்த டிரெய்லரில் ஏற்றினாலும் அந்த பிக்கப் இழுக்கக் கூடாது. டிரெய்லர் காற்றால் செய்ததாக இருந்தாலும் 300 கிலோ அதிகம்.

புதுக்கை:
பிரேக்கரையும் பக்கெட்டையும் பிக்கப் தொட்டியில் போட்டுக்கொண்டால்? விற்பவர் இதே மாதிரி பிக்கப்பில்தான் இழுத்தாராம், ஒன்றும் ஆகவில்லை என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
பொக்லைனும் வெறும் டிரெய்லரும் மட்டுமே 5,100 ஆகிறதே. தொட்டியில் போடுவது பிக்கப்பின் பாரக் கணக்கில் ஏறும், டிரெய்லரை மாட்டும் கொக்கியில் அழுத்தும் எடையும் அதே கணக்கில்தான் ஏறும். இந்த வகை டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 5,100-க்கு அது 510 முதல் 765 கிலோ. உங்கள் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று அதன் தகட்டையும் பாருங்கள்.

மலைப்பாதை:
இழுப்பது பெரிய விஷயமே இல்லை, எஞ்சின் இழுத்துவிடும். நிறுத்துவதுதான் பேச்சு. டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிக்கிற தள்ளு பிரேக்கா, மின்சார பிரேக்கா? தள்ளு பிரேக் என்றால் ஓட்டுநர் கையில் ஒன்றும் இல்லை. நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே வரும், பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும், பிரேக் டிரம் சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது. மின்சார பிரேக் என்றால் வண்டிக்குள் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். கொக்கி விட்டுப் போனால் தானாகப் பிடிக்கிற சுவிட்சும் அதன் பேட்டரியும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். பழைய டிரெய்லரில் அந்த பேட்டரி பெரும்பாலும் செத்துத்தான் கிடக்கும்.

டயர்_ராசா:
டயர் தேதி பார்த்தீர்களா இல்லையா?

பட்டறைக்காரன்:
வழுக்குகிறது என்றால் பிளேட் மேல் குறுக்கே கம்பித் துண்டு வைத்து வெல்ட் அடித்தால் முடிந்தது. இதற்குப் போய் மரமா?

மரத்தச்சன்:
அந்தக் கம்பி ரப்பர் டிராக்கைக் கடித்து எடுக்கும். டிராக் மாற்றுகிற செலவு யாருடையது?

பட்டறைக்காரன்:
ரப்பர் டிராக் கம்பியில் அறுபடும் என்றால் கருங்கல் ஜல்லியில் எப்படி ஓடுகிறது?

அச்சாணி:
நீங்கள் இருவரும் தனி இழை தொடங்கிக்கொள்ளலாமே. தம்பிக்கு இன்னொரு விஷயம். ஏற்றும்போது என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? 3,800 கிலோ ராம்பில் ஏறி டிரெய்லரின் பின் விளிம்புக்கு வரும்போது பின்புறம் தாழும், முன்புறம் மேலே கிளம்பும். கொக்கியோடு சேர்த்துப் பிக்கப்பின் பின்பக்கத்தையும் தூக்கும். ஹேண்ட் பிரேக் பிடிப்பது அந்தப் பின் சக்கரங்களில்தான். பிடிமானம் போனால் வண்டியும் டிரெய்லரும் பொக்லைனும் சேர்ந்து நகரும். அதனால்தான் டிரெய்லரின் பின்புறத்தில் தாங்குகால் வைக்கிறார்கள். நீங்கள் பார்த்ததில் இருக்கிறதா? கவனித்திருக்க மாட்டீர்கள்.

ராம்ப் எவ்வளவு நீளம், தளம் எவ்வளவு உயரம்? 60 செ.மீ. உயரத்துக்கு 1.5 மீட்டர் ராம்ப் என்றால் சரிவு 24 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. சக்கரத்துக்கு மேலே தளம் வைத்த வகையில் உயரம் 90 செ.மீ. வரும், அதே ராம்ப் 37 டிகிரி ஆகிவிடும். உங்கள் பொக்லைனின் அகலத்துக்கு சக்கரங்களுக்கு நடுவில் இறங்கி நிற்கும் தாழ்ந்த தளமே போதும்.

பாரவண்டி:
அச்சாணி அண்ணன் சொன்னது சரி, சொன்ன விதம்தான் எப்போதும் போல. நான் ஒன்று சேர்க்கிறேன். மாட்டுவண்டியில் பின்பாரம் ஆனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும் இல்லையா, டிரெய்லரிலும் அதே கதைதான். பின்பாரமாக ஏற்றினால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் வந்தால் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரை விடுங்கள். மின்சார பிரேக் என்றால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள்.

முன்பாரம் எவ்வளவு என்று எடை மேடையிலேயே பார்த்துவிடலாம். டிரெய்லரைக் கழற்றி, முன்கால் ஊன்றி, முழுவதையும் மேடையில் வைத்து ஒரு எடை. வண்டியில் மாட்டி, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொக்கியில் உட்காரும் எடை.

கட்டுவதற்கு நான்கு மூலையிலும் தனித்தனி சங்கிலி. பக்கெட்டைத் தளத்தில் இறக்கி வைத்து, பொக்லைனின் கைக்கும் தனியாக ஒன்று. சங்கிலியில் தரம் பொறித்திருக்கும், இல்லாததை வாங்காதீர்கள்.

புதுக்கை:
தாங்குகால் இல்லை. தள்ளு பிரேக்தான். சரி, அப்படியானால் எந்த அளவு பார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
பொக்லைனும் உபகரணங்களும் 4,300. அதைத் தாங்கும் டிரெய்லர் தானே 1,500 கிலோ வரும். ஆக 5,800. மொத்த எடை 6,500 அல்லது 7,000 என்று தகடு உள்ளதைப் பாருங்கள், அச்சு ஒவ்வொன்றும் 3,500-க்குக் குறையாமல். அந்த எடைக்குத் தள்ளு பிரேக்கை நினைக்காதீர்கள். இழுக்க அதற்கேற்ற லாரி. லாரி வாங்கும் நிலை வந்தால், பொக்லைனை லாரித் தளத்திலேயே ஏற்றலாமா என்றும் பாருங்கள், சில சமயம் டிரெய்லரே தேவைப்படாது.

மலைப்பாதை:
கமான் பட்டை (அடுக்குத் தகட்டு ஸ்பிரிங்) உள்ளதாகப் பாருங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவில் சமன்படுத்தும் இணைப்பு இருக்கும், மேடு பள்ளத்தில் பாரம் பகிர்ந்துகொள்ளும். ரப்பர் முறுக்கு அச்சில் அது இல்லை. கொக்கி உயரம் சரியில்லாமல் டிரெய்லர் சாய்ந்து நின்றால் ஒரே அச்சு பெரும்பாரத்தைச் சுமக்கும்.

புதுக்கை:
அந்த டிரெய்லர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு வாடகை லாரியில் போகிறது. நன்றி எல்லோருக்கும்.

டயர்_ராசா:
தேதி என்ன இருந்தது?

மரத்தச்சன்:
பலகைக்கு ஆளி விதை எண்ணெய் அடித்து வந்தால் சீக்கிரம் அழுகாது. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பட்டறைக்காரன்:
அடியில் யார் அடிப்பது?