ஸ்பெக்ட்ரம் 48கே: திரையை அழிக்க எல்டிஐஆர் போதுமா, புஷ் வேண்டுமா?

கேள்வி – பழையபலகை

வணக்கம். 1982-இல் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் 48கே வகைக்காக அசெம்பிளியில் ஒரு சிறு விளையாட்டு எழுதி வருகிறேன். காட்சி மாறும்போதெல்லாம், 16384-ஆம் முகவரியில் தொடங்கும் திரை நினைவகத்தின் 6,912 பைட்டுகளையும் எல்டிஐஆர் கட்டளையால் (பைட்டுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து நகலெடுப்பது) பூஜ்யமாக்குகிறேன். பழைய படம் மறையும்போது ஒரு கணம் கிழிந்தாற்போல் தெரிகிறது. ஸ்டாக் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தின் சுட்டியைத் திரையின் கடைசிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கீழ்நோக்கி இரண்டிரண்டு பைட்டுகளாக எழுதும் புஷ் கட்டளையால் அழிப்பது வேகமானது என்கிறார்கள். அந்த வேகம் மெனக்கெடும் அளவுக்கு உண்டா? இடையில் இன்டரப்ட் (ஒவ்வொரு சட்டகத்திலும் நிரலை இடைநிறுத்தி ரோம் நிரலுக்குத் தாவச் செய்யும் குறிப்பு) வந்தால் என்ன ஆகும்?

பதில் – துடிப்பெண்ணி

நிச்சயமாக உண்டு. ஸ்பெக்ட்ரமின் செயலியான இசட்80-இல் எல்டிஐஆர் ஒரு பைட்டுக்கு 21 கடிகாரத் துடிப்புகளை எடுத்துக்கொள்கிறது. புஷ் 11 துடிப்புகளில் இரண்டு பைட்டுகளை எழுதிவிடுகிறது. ஒரு சட்டகத்துக்கு (திரை ஒருமுறை வரையப்படும் நேரம்) 69,888 துடிப்புகளே இருப்பதால், ஏறத்தாழ 1,45,000 துடிப்புகள் கேட்கும் உங்கள் எல்டிஐஆர் இரண்டு சட்டகங்களையும் தாண்டிவிடுகிறது. பதினாறு புஷ்களை வரிசையாக எழுதி, செயலியின் பி பதிவேட்டில் 216 வைத்து, அதை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பூஜ்யமாகும்வரை திரும்பச் செய்யும் டிஜெஎன்இசட் கட்டளை கொண்டு சுற்றினால், மொத்தம் 40,800 துடிப்புகளுக்குச் சற்றே கூடுதலாக ஆகும். படத்தை உருவாக்கும் சில்லான யுஎல்ஏ திரையை வரையும் நேரத்தில் அந்த நினைவகத்தில் எழுதுவதற்குக் காத்திருக்க நேர்வதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். உங்கள் நிரலும் அதே 16கே பகுதியில் இருந்தால் காத்திருப்பு பெருகும். அதை 32768-க்கு மேல் வையுங்கள்.

பதில் – மேல்எல்லை

இன்டரப்ட் பற்றி: ஸ்டாக் திரைக்குள் இருக்கும்போது அது வந்தால், திரும்பும் முகவரியும் ரோம் நிரல் சேமிக்கும் பதிவேடுகளும் திரையிலேயே எழுதப்படும். அழிப்பில் அவற்றின் மேலேயே அடுத்த புஷ்கள் விழுவதால் பெரும்பாலும் சுவடே இருக்காது. ஆனால் சுட்டி 16384-ஐ எட்டிய தருணத்தில் இன்டரப்ட் வந்தால், திரும்பும் முகவரி எழுத முடியாத ரோம் பகுதிக்குப் போய்த் தொலைந்துவிடும். கணினி எங்கே தாவும் என்று சொல்ல முடியாது. "எப்போதாவது மட்டும் தொங்குகிறது" என்ற வகைப் பிழை இது; தேடிப் பிடிப்பது பெரும்பாடு. எனவே முதலில் ஹால்ட் (அடுத்த இன்டரப்ட் வரை காத்திருப்பது), பிறகு டிஐ (இன்டரப்டைத் தடுப்பது), பழைய ஸ்டாக் சுட்டியைச் சேமிப்பது, அழிப்பு, சுட்டியை மீட்பது, கடைசியாக இஐ (இன்டரப்டை மீண்டும் அனுமதிப்பது) என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். வேலை ஒரு சட்டகத்துக்குள் முடிவதால் எந்த இன்டரப்டும் தவறாது.

பழையபலகை

மிக்க நன்றி. திரை நினைவகத்தின் கடைசியில் நிறங்களைக் குறிக்கும் நிறப் பண்புகளின் 768 பைட்டுகளைத் தனியாக அழிக்க வேண்டுமா?

பதில் – மேல்எல்லை

வேண்டாம், புஷ்ஷின் உண்மையான அழகே அங்குதான் இருக்கிறது. சுட்டியை 23296-இல் வைத்துத் தொடங்கினால், மேலிருந்து கீழிறங்கும் புஷ் முதலில் நிறப் பண்புகளையே பூஜ்யமாக்குகிறது, அதாவது மையும் (எழுத்தின் நிறம்) தாளும் (பின்னணி நிறம்) கறுப்பு. இதற்குச் சுமார் 4,500 துடிப்புகள் போதும். இன்டரப்டுக்குப் பின் முதல் படவரி தொடங்கவோ 14,336 துடிப்புகள் இருக்கின்றன. ஆகவே ஒளிக்கற்றை படத்தின் முதல் வரிக்கு வருமுன்பே திரை முழுவதும் கறுத்துவிடும். மீதி 6,144 பைட்டுகள் எந்த ஒழுங்கில் அழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எல்டிஐஆரை வைத்துக்கொண்டே பண்புகளை மட்டும் முதலில் அழித்தாலும் கிழிசல் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காட்சி மாற்றத்தில் 40 மில்லிவினாடி தாமதம் உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் அதுவே எளிய வழி.