பள்ளி திறக்கும் முன்: மேல் லைன் (மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) குழுவில் பேசியவை

செல்வி (மாலை 6:40): அனைவருக்கும் வணக்கம். சங்கரன்கோவிலில் இருந்து போடிமெட்டு வழியாக நேற்று மூணாறு வந்து சேர்ந்தோம். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது என்றதும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். பொங்கலுக்கு நம் இடுக்கி மாவட்டத்தில் எப்படியும் உள்ளூர் விடுமுறை உண்டு. அதுவரை அவனைப் பாட்டியிடமே விட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது. டீச்சர் அத்தை, என்ன செய்யலாம்?

டீச்சர் அத்தை (6:52): வேண்டாம், செல்வி. ஒரு நாள் விடுமுறையை நம்பி அத்தனை நாட்கள் நிறுத்தினால், வீட்டில் இருக்க இருக்க அவனுடைய அச்சம் வளருமே தவிரக் குறையாது. வயிற்றுவலியைப் பொய் என்று மட்டும் சொல்லிவிடாதே. மனப்பதற்றம் குழந்தைகளுக்கு உண்மையான வலியாகவே வரும். காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவை இல்லாமல், பள்ளிப் பேச்சை எடுக்கும்போது வந்து விளையாடும்போது மறைகிறது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து எதை நினைத்துப் பயப்படுகிறான் என்று பொறுமையாகக் கேள். யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

முருகன் (7:05): எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் கிறிஸ்துமஸ் பரீட்சை விடைத்தாளை நினைத்துத்தான் கவலை, அக்கா. நள்ளிரவு வரை விழித்திருக்கிறாள். காலையில் எழுப்ப முடியவில்லை.

டீச்சர் அத்தை (7:21): மதிப்பெண் குறைந்தாலும் திட்ட மாட்டேன், எங்கே தவறியது என்று சேர்ந்து பார்ப்போம் என்று இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள், தம்பி. தூக்கத்தைப் பொறுத்தவரை, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், அதற்கு மேல் பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தேவை. உடல் ஒரே இரவில் மாறாது என்பதால், நாளையில் இருந்தே தினமும் கால் மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். செண்டுவாரைப் பக்கம் புல்லில் உறைபனி படியும் இந்த ஜனவரிக் குளிரில் போர்வையை விலக்கவே மனம் வராதுதான்; இருந்தாலும் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டு வெயில் படும் இடத்தில் நிறுத்துங்கள், ஏனெனில் காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் இரவில் தூக்கம் நேரத்தோடு வரும்.

இன்னொன்றை எல்லோரிடமும் மனம்விட்டுக் கேட்கிறேன். நம் லைன் வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒரு சுவர்தான். ஒரு வீட்டில் பத்து மணி வரை சீரியல் ஓடினால், அடுத்த வீட்டில் எட்டரைக்குப் படுத்த பிள்ளையும் கண்மூடாது. பிள்ளைகளை மட்டும் சீக்கிரம் தூங்கச் சொல்லிவிட்டு நாம் விழித்திருப்பது முறையல்ல.

பாக்கியம் பெரியம்மா (7:30): நீ சொல்வது நியாயம். எங்கள் வீட்டில் இன்றிலிருந்து எட்டரை மணிக்கே டிவியை அணைத்துவிடுகிறோம்.

முருகன் (7:33): நானும் அப்படியே செய்கிறேன். மகளுடைய கைபேசியையும் அந்த நேரத்திலேயே வாங்கி வைத்துவிடுகிறேன்.

செல்வி (7:41): நன்றி, பெரியம்மா. திங்கட்கிழமை நான் கொழுந்து எடுக்கப் போயாக வேண்டும். அவன் என் கையை விடாமல் அழுதால் என்ன செய்வது, அத்தை?

டீச்சர் அத்தை (7:46): சொல்லாமல் நழுவிப் போகாதே. எத்தனை மணிக்கு யார் அழைக்க வருவார்கள் என்று தெளிவாகச் சொல்லி, ஒருமுறை அணைத்து, ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடு. நீ நின்று தயங்கினால் அவனும் தயங்குவான்.

பாக்கியம் பெரியம்மா (7:50): அதே ஜீப்பில்தான் என் பேத்தியும் போகிறாள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கிறேன். மாலையில் நானே வந்து இருவரையும் இறக்கிக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிடு.