உரத்தொட்டி நாறுகிறது, உலர்கழிவில் பாதி திரும்பி வருகிறது: எங்கே பிழை செய்கிறேன்?

கேள்வி: பச்சையம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நால்வர் இருக்கிறோம். எட்டு மாதங்களாகக் குப்பையை மக்குவது, மக்காதது என இரண்டாகப் பிரித்து வருகிறோம். சமையலறையில் சேரும் தோல், காம்பு, மீந்த உணவு ஆகியவற்றை அடியில் துளையிட்ட, மூடியுள்ள வாளியில் போட்டு உரமாக்க முயல்கிறேன். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் சேர்த்து, வாரம் ஒருமுறை சேகரிக்க வருபவரிடம் கொடுக்கிறேன்.

இரண்டுமே சரியாக வரவில்லை. வாளியைத் திறந்தால் அழுகிய முட்டை போன்ற நாற்றம் அடிக்கிறது, அடியில் கறுப்பு நீர் தேங்குகிறது, புழுக்களும் நெளிகின்றன. சாக்கை வாங்குபவரோ, போன வாரம் என் கண்ணெதிரிலேயே அதைக் கொட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கறை பட்ட அட்டைகளையும் உள்ளே உணவு ஒட்டியிருந்த டப்பாக்களையும் சில நெகிழி உறைகளையும் எதற்கும் ஆகாதவை என்று திருப்பிக் கொடுத்தார். அந்த டப்பாக்களின் அடியில் மறுசுழற்சிக்குரிய முக்கோணக் குறி இருந்ததால்தான் நம்பிக்கையோடு சேர்த்து வைத்திருந்தேன். முறையாகச் செய்ய வேண்டும் என்ற ஆர்வம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் இப்படியே போனால் பிள்ளைகள் மனம் தளர்ந்துவிடுவார்களோ என்று கவலைப்படுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில்: மாடித்தோட்டம்

வணக்கம் நண்பரே. பல ஆண்டுகளாக வீட்டுக் கழிவை உரமாக்கி வருபவன் என்ற முறையில், வாளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்தால், வாளிக்குள் ஈரமான பொருள்கள் மட்டுமே போகின்றன என்று தெரிகிறது. அவற்றோடு கலக்க வேண்டிய உலர்ந்த பொருள் எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. நாற்றத்துக்கு அதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன். கழிவை உரமாக்கும் நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் வேண்டும், நைட்ரஜனும் வேண்டும். நைட்ரஜன் ஒரு பங்கு இருந்தால் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை இருப்பது நல்லது. சமையலறைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி, தண்ணீரும் மிகுதி. உலர்ந்த இலை, மரத்தூள், அட்டை போன்றவற்றில் கார்பன் மிகுதி. ஈரக் கழிவை மட்டும் குவித்தால் அது தன் எடையாலேயே அமுங்கி, காற்று புகும் இடைவெளிகள் அடைபட்டுப்போகின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் அப்போது பெருகி, ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களை வெளியிடுகின்றன. நீங்கள் சொல்லும் அழுகிய முட்டை நாற்றம் அந்த வாயுவினுடையதுதான். மாறாக, மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி அடித்தால், காற்று இருந்தும் நைட்ரஜன் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம். இரண்டுக்கும் மருந்து உலர்ந்த பொருளைச் சேர்ப்பதே.

வாளியில் இருப்பதை எறிந்துவிடாதீர்கள். வெளியே கொட்டி, அதன் அளவுக்கு ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு காய்ந்த இலையையோ கிழித்த அட்டையையோ நன்றாகக் கலந்து, மறுபடியும் உள்ளே போடுங்கள். அடியில் கைமுட்டி உயரத்துக்குச் சுள்ளிகளைப் பரப்பிக்கொண்டால் நீர் தேங்காது, கீழிருந்து காற்றும் ஏறும். இனிமேல் ஒவ்வொரு முறை கழிவு போட்ட பிறகும், அது கண்ணுக்குத் தெரியாதபடி உலர்ந்த பொருளால் மூடுங்கள். வாளியருகே உலர்ந்த இலை நிறைந்த ஒரு பை எப்போதும் இருந்தால்தான் இது பழக்கமாகும். தேடி எடுக்க வேண்டியிருந்தால் இரண்டே நாளில் விட்டுப்போகும். ஈரம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு துளிகள் மட்டும் கசிந்தால் போதும். நீர் ஒழுகினால் ஈரம் அதிகம்.

புழுக்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை ஈக்களின் இளம்பருவமே; மேற்பரப்பு உலர்ந்து மூடியிருந்தால் ஈக்கள் முட்டையிட இடம் கிடைக்காமல் தாமாகவே குறையும்.

இறைச்சி, மீன், பால் பொருள்கள், நாய் பூனைகளின் எச்சம், நோய் தாக்கிய செடிகள் ஆகியவற்றை இந்த வாளியில் போடாதீர்கள். பெரிய குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடாவதால் கிருமிகளும் களைவிதைகளும் அழிகின்றன. ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அளவாவது இருந்தால்தான் அந்தச் சூடு உள்ளே தங்கும். வாளி அளவுக்கு அது வாய்க்காது என்பதால், இங்கே மட்குதல் மெதுவாகவே நடக்கும். நறுக்கிப் போட்டால் விரைவாகும் என்றாலும், சில மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

பதில்: பழைய காகிதம்

உலர்கழிவைத் தரம் பிரிக்கும் கூடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு சாக்கைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை அன்று, அது நனைந்திருக்கிறதா என்பதைத்தான். கழுவாத ஒரு டப்பாவிலிருந்து வழிந்த மிச்சம், அதே சாக்கில் இருந்த நல்ல காகிதம் முழுவதையும் கெடுத்துவிடும். எனவே உங்களுக்கு முதலில் வேண்டியது, காகிதத்துக்கென்று தனியாக ஒரு பை. டப்பா, புட்டிகளைப் பாத்திரம் கழுவிய நீரிலேயே ஒருமுறை அலசி, கவிழ்த்து உலரவிட்டுச் சேர்த்தால் போதும்; பளபளக்கத் தேய்க்கத் தேவையில்லை.

காகிதத்தை நீரில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் மறுபடியும் காகிதம் செய்கிறார்கள். எண்ணெய் நீரோடு போகாமல் நார்களைப் பற்றிக்கொள்வதால், கறைபட்ட அட்டை ஆலைக்கு உதவாது. கைதுடைக்கும் மென்தாளின் நார்கள் ஏற்கெனவே மிகவும் குட்டையானவை, அதுவும் ஆகாது. ஆனால் இவை இரண்டும் மேலே மாடித்தோட்டம் கேட்கும் கார்பன் அல்லவா? உங்களிடம் திருப்பித் தந்த கறைபட்ட அட்டைகளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து வாளியில் போடுங்கள். ஒரு பக்கம் வேண்டாமென்று தள்ளியது மறுபக்கத்துக் குறையைத் தீர்த்துவிடும். வழவழப்பான பூச்சுள்ள அட்டை, உள்ளே நெகிழிப் படலம் ஒட்டிய காகிதக் குவளை, வெப்பத்தால் அச்சாகும் கடை ரசீது ஆகியவற்றை மட்டும் வாளியிலும் போடாதீர்கள், காகிதப் பையிலும் போடாதீர்கள்.

முக்கோணக் குறி பலரையும் ஏமாற்றுகிறது. அமெரிக்க நெகிழித் தொழில்துறையினர் 1988இல் கொண்டுவந்த அந்தக் குறிக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண்கள், பொருள் எந்த வகை நெகிழியால் ஆனது என்பதை மட்டுமே சொல்கின்றன. அதை மறுசுழற்சி செய்ய முடியும் என்ற உறுதியை அவை தருவதில்லை. இந்தக் குழப்பம் தீரவேண்டும் என்பதற்காகவே 2013இல் திருத்தப்பட்ட தரவரையறையில், சுழலும் அம்புகளுக்குப் பதிலாக வெறும் முக்கோணம் வைக்கப்பட்டது. பொதுவாக 1 எண்ணுள்ள தண்ணீர்ப் புட்டிகளும், 2 எண்ணுள்ள கெட்டியான புட்டிகளும் எளிதாக விலைபோகும். 5 எண்ணுக்கு இடத்தைப் பொறுத்து வரவேற்பு உண்டு. 3 எண்ணுள்ள பி.வி.சி. சிறிதளவு கலந்தாலும் 1 எண் நெகிழியை உருக்கும் சூட்டில் சிதைந்து அமிலத்தை வெளியிட்டு, முழு உருக்கையும் கெடுத்துவிடும். தின்பண்ட உறைகள் பலவற்றில் நெகிழியும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். உங்களிடம் திரும்பி வந்தவை அவையாகத்தான் இருக்கும். அவற்றை வாங்காமல் குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அலுமினியக் கலன்களைத் தவறாமல் சேர்த்து வையுங்கள். தாதுவிலிருந்து புதிதாக எடுக்கும் உலோகத்தோடு ஒப்பிட்டால், அவற்றை உருக்கிப் பயன்படுத்துவதில் சுமார் 95 விழுக்காடு ஆற்றல் மிச்சமாகிறது.

இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள். சாக்குக்குள் கைவிட்டுப் பிரிப்பவர்களின் விரல்கள் கிழிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேட்டரிகளையும் எந்தச் சாக்கிலும் போடாதீர்கள். நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து, அருகிலுள்ள காகிதக் குவியலையும் எரித்துவிடும்.

கேள்வி: பச்சையம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வாளியைக் கொட்டிக் கலந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. நாற்றம் நான்காம் நாளே குறைந்து, இப்போது மழையில் நனைந்த மண்ணின் வாசம் வருகிறது. காகிதத்தைத் தனிப் பையில் கொடுத்தேன், எதுவும் திரும்பவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மக்கும் தன்மையுடையது என்று அச்சிட்ட பைகளை வாளியில் போடலாமா? முன்பு தேங்கிய கறுப்பு நீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா?

பதில்: மாடித்தோட்டம்

அந்தப் பைகள் பலவும் பெரிய உர ஆலைகளில் ஏறத்தாழ 58 பாகைச் சூட்டில் மக்குமாறு சோதிக்கப்பட்டவை. உங்கள் வாளியில் அவை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்; நெகிழிச் சாக்கில் சேர்த்தாலோ மற்ற நெகிழியைக் கெடுக்கும். ஆகவே இரண்டிலும் வேண்டாம். கறுப்பு நீர் காற்றில்லாமல் அழுகியதில் வந்தது என்பதால், செடிகளுக்கு, குறிப்பாக உண்ணும் கீரைகளுக்கு, ஊற்றாதீர்கள். உலர்ந்த இலைமேல் தெளித்து அதே வாளிக்குள் திருப்பி விடுங்கள்.